மூன்றாவது தடவை எழுதவா விடவா என்று கேட்ட தங்கச்சிக்கு

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்து உயர்தரம் உயிரியல் பிரிவில் இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். முதல் தடவை மூன்று எஸ், அதாவது மூன்று பாடத்திலும் சாதாரண சித்தி. இரண்டாம் தடவை இரண்டு எஸ், இரசாயனவியலில் எஃப், அதாவது சித்தியில்லை. அம்மா கொழுந்து எடுக்கிறார், தம்பிக்கு இந்த வருடம் ஓ.எல்., சாதாரணதரப் பரீட்சை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் வேலை இருக்கிறது, வந்துவிடு என்று மாமா கூப்பிடுகிறார். "தோல்வியில் இருந்து பாடம் படி என்று எல்லாரும் சொல்கிறார்கள், என்ன பாடம் என்று ஒருத்தரும் சொல்வதில்லை, மூன்றாவது தடவை எழுதவா விடவா" என்று முடித்திருந்தீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. எழுதவா விடவா என்பது ஒன்று. நான் இதற்கு லாயக்கில்லாதவளா என்பது மற்றது, அதை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்த இரண்டாவது உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும்போது முதலாவதுக்கு எந்த முடிவு எடுத்தாலும் மனம் ஒப்பாது. அதனால் அதில் இருந்தே தொடங்குகிறேன்.

நான் 26 வருடமாக அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பாடசாலைகளில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தான். மனநல மருத்துவன் இல்லை. உளவியல் படித்ததெல்லாம் ஆசிரியர் பயிற்சியிலும், பிறகு பிள்ளைகள் ஏன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள் என்ற கவலையில் நானாகத் தேடி வாசித்ததும்தான். ஆகவே எது ஆய்வில் நன்றாக நிற்கிறது, எது என் அனுபவம் மட்டும் என்று பிரித்தே சொல்கிறேன். உங்கள் விடைகளை நான் பார்த்ததில்லை. பார்க்காமல், கட்டாயம் எழுதுங்கள் என்றோ விட்டுவிடுங்கள் என்றோ சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு.

உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில். தோல்வி தானாக யாருக்கும் எதையும் கற்றுத்தருவதில்லை. உங்கள் கைக்கு வந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் 50 பல்தேர்வு, அப்புறம் மூன்று மணி நேரம் நான்கு அமைப்புக் கட்டுரையும் நான்கு கட்டுரையும், இத்தனைக்கும் சேர்த்துத் திரும்பி வந்தது ஓர் எழுத்து. விடைத்தாள் திரும்பி வராது. எந்தக் கேள்வியில் சறுக்கினீர்கள், அது தெரியாமலா, களைப்பிலா, நேரம் போதாமலா, எதையும் அந்த எழுத்து சொல்லாது. அந்த எழுத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பாடம் படி என்றால் அதில் படிக்கக்கூடிய ஒரே பாடம் "எனக்கு வராது" என்பதுதான். நீங்களும் அதைத்தான் படித்திருக்கிறீர்கள் போல் தெரிகிறது. அது பிழையான பாடம்.

2019இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லர், ஐலெட் ஃபிஷ்பாக் என்ற இரண்டு பேர் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு கேள்விக்கு இரண்டே விடை கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். சிலருக்கு "நீங்கள் சொன்னது சரி" என்று மட்டும் சொல்வார்கள், சிலருக்கு "பிழை" என்று மட்டும். விடை இரண்டுதான் என்பதால், பிழை என்று கேட்டவருக்கும் சரியான விடை எது என்று உடனே தெரிந்துவிட வேண்டும். ஆனால் பிறகு திரும்பக் கேட்டபோது, "பிழை" என்று கேட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கற்றிருந்தார்கள். பிழை என்ற சொல் காதில் விழுந்ததும் மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. வேறொருவர் தோற்பதைப் பார்க்கும்போது இந்தத் தடை இல்லை, அப்போது நன்றாகவே கற்கிறார்கள். நான் வகுப்பில் பல வருடம் செய்து வந்த ஒரு காரியம் ஏன் பலித்தது என்பது அதை வாசித்தபோதுதான் எனக்கே விளங்கியது. பிள்ளைகள் எழுதிய பேப்பரை ஒரு கிழமை பூட்டி வைத்துவிட்டு, பிறகு ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்வேன். பக்கத்து மேசைப் பிள்ளையின் பிழையை ஆளாளுக்குச் சரியாகப் பிடிப்பார்கள், அதே பிழையைத் தன் தாளில் விட்டிருப்பார்கள்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன், உங்கள் நிலையில் இருந்தவர். அவருக்கும் இரசாயனவியலில் எஃப். எட்டு வருடத்துப் பாஸ்ட் பேப்பரை, சனிக்கிழமைக்கு ஒன்றாக, மணிக்கூட்டை முன்னால் வைத்து மூன்று மணி நேரம் எழும்பாமல் எழுதச் சொன்னேன். ஒவ்வொரு அரை மணிக்கும் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். எட்டும் முடிந்த பிறகு பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித்திட்டத்தை வைத்து, யாரோ ஒருத்தியின் பேப்பர் என்று நினைத்துத் திருத்தச் சொன்னேன். பிழைகளை மூன்றாகப் பிரித்தோம்: தெரியாததால் விட்டது, தெரிந்தும் தவறியது, நேரம் முடிந்து கை வைக்காமலே போனது. தெரியாதது நாங்கள் நினைத்த அளவுக்கு இல்லை. தெரிந்தும் தவறியதுதான் குவிந்து கிடந்தது, அதிலும் ஒரே பிழை ஐந்து தடவை. 25 கன சென்ரிமீற்றர் கரைசலைக் கன டெசிமீற்றருக்கு மாற்றாமல் அப்படியே கரைசலின் செறிவான 0.1 ஆல் பெருக்கி, 0.0025 மூல் வர வேண்டிய இடத்தில் 2.5 மூல் என்று எழுதியிருந்தார். அந்த ஐந்தும் நாலாவது சிவப்புக் கோட்டுக்குக் கீழே, அதாவது இரண்டு மணி நேரம் எழுதிய பிறகு. அதே கணக்கை முதல் அரை மணியில் ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை.

வீட்டில் ஒரேயடியாக எவ்வளவு நேரம் உட்கார்ந்து படிப்பீர்கள் என்று கேட்டேன். லயக் காம்பராவில் ஒரு லைட், சின்னத் தம்பி தூங்க வேண்டும், அதனால் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால். அந்தப் பிள்ளைக்கு அறிவில் குறையே இல்லை, மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிப் பழகியதில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா, பகலில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், பின்னேரம் பூட்டியிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் அவருடைய அப்பா போய்க் கேட்டுத் திறப்பை வாங்கினார். குட்டி மேசையும் குட்டிக் கதிரையும்தான் இருந்தன, தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து எழுதினார். அடுத்த தடவை இரசாயனவியலில் சி வந்தது. இப்போது தாதியாக வேலை செய்கிறார். உங்களுக்கும் இதேதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எஃப் என்ற எழுத்துக்குப் பின்னால் இவ்வளவு துல்லியமான ஒரு காரணம் ஒளிந்திருக்கலாம், அதைத் தோண்டி எடுக்காமல் "நன்றாக முயற்சி செய்" என்று சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

உறுதியான இன்னொரு விஷயம், படிக்கும் முறை. நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிப்பது படித்தது போல ஒரு திருப்தியைத் தரும், நிலைக்காது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் செய்த பரிசோதனையில், ஒரு பகுதியை வாசித்துவிட்டு மறுபடியும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்கள் அப்போது கொஞ்சம் பின்னால்தான் இருந்தார்கள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் தலைகீழ்: திரும்ப வாசித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது. இந்த முடிவு வேறு வேறு இடங்களில் வேறு வேறு பாடங்களுக்கும் வந்திருக்கிறது, அதனால் தயங்காமல் சொல்கிறேன். மூடி வைத்து எழுதும்போது தோற்பீர்கள், அரைவாசி வராது, எரிச்சல் வரும். அந்தச் சின்னத் தோல்விதான் வேலை செய்கிறது, வீட்டுக்குள், யாரும் பார்க்காத இடத்தில், மறுநாளே திருத்தக்கூடியதாக.

இனிச் சந்தேகத்துக்குரியது. "உன்னால் முடியும் என்று நம்பு, மூளை வளரும்" என்ற பேச்சு இப்போது செமினார்களில் நிறையக் கேட்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் அளவு சின்னது. 2019இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 மாணவர்களிடம் செய்த பெரிய பரிசோதனையில், திறமை வளரக்கூடியது என்று விளக்கும் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயிற்சி, புள்ளி குறைந்த பிள்ளைகளின் சராசரியை, 4ஐ உச்சமாகக் கொண்ட அளவுகோலில், 0.1 உயர்த்தியது. இவ்வளவு குறைந்த செலவில் அதுவும் நல்லதுதான். ஆனால் எஃபை ஏ ஆக்கும் மந்திரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மனஉறுதி என்பதும் அப்படித்தான். நெஞ்சு உரம் இருந்தால் எழும்பிவிடலாம் என்ற பேச்சில், எழும்ப முடியாதவர் நெஞ்சு உரம் இல்லாதவர் என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. அது எனக்குப் பிடிப்பதில்லை.

என் அப்பா கவ்வாத்து வெட்டியவர். தேயிலையை நான்கைந்து வருடத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இலையே இல்லாமல் கட்டையாக நிற்கும், அப்புறம் துளிர்க்கும். இலை இல்லாத செடி எதைச் சாப்பிட்டுத் துளிர்க்கிறது என்று இரசாயனவியல் படித்த பிறகுதான் யோசித்தேன். வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தில் இருந்து. அதனால்தான் வெட்டுவதற்கு முன்னால் வேரில் ஒரு துண்டு எடுத்து அயடீன் கரைசல் போட்டுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. கருநீலமாக மாறினால் வெட்டலாம். நிறம் வராவிட்டால் கொழுந்து எடுக்காமல் சில கிழமை ஓய்வு விட வேண்டும். சத்தில்லாத வேரோடு வெட்டினால் செடி பட்டுப்போகும், அந்தச் செடியைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு ரிசல்ட் வந்து மூன்று கிழமை என்று எழுதியிருந்தீர்கள். இப்போதே டியூஷனுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். தூங்குங்கள், ஊர் மனிதரோடு பேசுங்கள், தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். தூக்கமோ சாப்பாடோ இரண்டு கிழமைக்கு மேல் சரியில்லை என்றாலோ, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தாலோ, அது நான் பதில் சொல்லும் விஷயம் இல்லை. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். இதைக் கேட்பதற்கு வெட்கப்படவே வேண்டாம்.

அந்த மாச்சத்து மனிதருக்கு எங்கே இருக்கிறது? ஹவாய்த் தீவுகளில் கவாய் என்ற தீவில், 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னர் என்பவரும் ரூத் ஸ்மித் என்பவரும் 40 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். அதுவும் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த தீவு, அங்கே கரும்பு. வறுமை, குடும்பச் சண்டை, வீட்டில் நோய் என்று பல சுமைகளோடு பிறந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்து நின்றார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, தன்னை விட்டுக்கொடுக்காத ஒரு பெரியவராவது பக்கத்தில் இருந்தது: பாட்டி, மாமி, டீச்சர், யாராவது. பதின்வயதில் தடம் மாறிப்போனவர்களிலும் பெரும்பாலானோர் முப்பது, நாற்பது வயதுக்குள் திரும்ப எழும்பியிருந்தார்கள், பலர் வளர்ந்த பிறகு கிடைத்த இரண்டாவது படிப்பு வாய்ப்பினால். ஒரு தீவில் கூட இருந்து கவனித்த ஆய்வு இது, இன்னதால்தான் இன்னது நடந்தது என்று நூற்றுக்கு நூறு நிறுவாது. ஆனால் நான் 26 வருடமாகப் பார்த்ததோடு அச்சாகப் பொருந்துகிறது. உங்கள் கடிதத்தில் அம்மா பற்றி ஒரு வரி இருந்தது, "அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊற்றித் தந்தார்" என்று. அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். உங்கள் தோல்வி முழுக்க உங்களுடையது இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஏழு மாதம் இரசாயனவியலுக்கு ஆசிரியரே இருக்கவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் கிடந்தன, அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில். நாங்கள் ஒரு தலைமுறைக்கு மேல் பிந்தித் தொடங்கியவர்கள், விஞ்ஞானப் பாட ஆசிரியர் பற்றாக்குறையில் அது இன்றைக்கும் தெரிகிறது. திருத்தும்போது அந்த ஏழு மாதத்துப் பாடத்தில் வரும் பிழைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவை உங்கள் குறை இல்லை, ஆனால் நிரப்ப வேண்டிய இடம்.

சரி, எழுதவா விடவா. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு, அதில் ஒன்று உங்களுக்கு மிச்சம். ஒரே தடவையில் மூன்று பாடமும் சித்தி வேண்டும். நீங்கள் கொழும்புப் பிள்ளைகளோடுதான் போட்டி என்று நினைக்கிறீர்கள், முழுக்க அப்படி இல்லை: பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம்தான் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு, அதில் நுவரெலியாவும் ஒன்று. முதல் தடவை எடுத்த மூன்று எஸ்ஸும் செத்துப்போகவில்லை, அது ஒரு முழுச் சித்தி. கல்வியியற் கல்லூரிக்கும் தாதியர் பயிற்சிக்கும் வர்த்தமானி வரும்போது அந்த வருடத்து நிபந்தனையை ஒரு வரி விடாமல் வாசியுங்கள், பத்தனை ஸ்ரீபாதக் கல்லூரி உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தொழிற்கல்வி வழியாக என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையில் 5ஆம், 6ஆம் மட்டங்களை முடித்து 7இல் பட்டம் வரை போகிற பாதையும் இருக்கிறது.

செமினார்களில் கோப்பி அழிந்து தேயிலை வந்த கதையைச் சொல்வார்கள், விழுந்தாலும் எழும்பு என்பதற்கு. வருடங்களைக் கவனித்தால் அந்தக் கதை வேறு மாதிரி. இலைத்துரு நோய் மடுல்சீமையில் தென்பட்டது 1869இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல், கோப்பி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே. கோப்பி போன பிறகு பல துரைமார் முதலில் தாவியது சிங்கோனாவுக்கு, அதுவும் விலை சரிந்து கவிழ்ந்தது, அப்புறம்தான் தேயிலை. கூலிக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு நட்டுப் பார்க்க 19 ஏக்கர் இருக்கவில்லை, அந்த வீழ்ச்சியில் அதிகம் பட்டவர்கள் அவர்கள்தான். உங்களிடம் அப்படி ஒரு சின்னத் துண்டு இருக்கிறது, அந்த மூன்று எஸ். மூன்றாவது தடவைக்குப் படிக்கிற அதே மாதங்களில் இந்த விண்ணப்பங்களையும் போடுங்கள். போட்டால் மனம் சிதறும் என்பார்கள். என் அனுபவம் மாறானது, பின்னால் ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்தில் கை நடுங்குவதில்லை.

கடை வேலையைத் தாழ்வாகச் சொல்லமாட்டேன், அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கச்சிமார் இருவர் கரையேறினார்கள். ஆனால் "ஆறு மாதம் உழைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்" என்று போனவர்களில் திரும்பி வந்து எழுதியவர்களை என்னால் விரல்விட்டு எண்ண முடியும். காலை முதல் இரவு வரை நின்று வேலை செய்துவிட்டு வருகிறவருக்குப் படிக்க எங்கே உடம்பு இருக்கும்? இது என் அனுபவம் மட்டும்தான். வீட்டில் காசு முடை தாங்க முடியாத அளவில் இருந்தால் கணக்கே வேறு, அதை அம்மாவோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் மாமாவிடம் இரண்டு மாதம் தவணை கேளுங்கள். அந்த எட்டுச் சனிக்கிழமையில் எட்டுப் பேப்பர். முதலாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் புள்ளி ஏறினால் எழுதுங்கள். ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்றும் பிடிபடவில்லை என்றால், மற்ற விண்ணப்பங்களில் முழு மனதையும் வையுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

முதல் பேப்பரை அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வையுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். எழுதி முடித்ததும் எந்தச் சிவப்புக் கோட்டில் கை களைத்தது, எந்தக் கேள்வியில் பேனா நின்றது என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.